தரையோடு ஓடிய கோடு

வார்டுப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் காட்டேரி. ரத்தம் எடுக்க வருகிற டாக்டரை வேறு எப்படிக் கூப்பிடுவது? முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று தெரிந்ததும் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அவளும் பல்லை இளித்துப் பயமுறுத்துவாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஊசியை ஏற்றி எடுத்துவிடுவாள். இத்தனை வருடத்தில் தான் கற்றுக்கொண்ட உருப்படியான வித்தை இது ஒன்றுதான், மற்றதெல்லாம் ஆராய்ச்சி என்று அவளே சொல்வாள்.

ஆராய்ச்சி என்றால் ஒரே ஒரு கேள்வி. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய் எந்த நாளில் ஆரம்பிக்கிறது? காய்ச்சல் வந்த நாளிலா, உடம்பில் திட்டுத் திட்டாக நீலம் கன்றிய நாளிலா? அதற்கெல்லாம் வெகு முன்னால் என்பது அவள் கட்சி. பிறந்த மூன்றாம் நாள் குழந்தையின் குதிகாலில் குத்தி, ஒரு தடித்த அட்டையில் ஐந்து சொட்டு ரத்தம் காயவைப்பார்கள், வேறு ஏதேதோ சோதனைகளுக்காக. அந்த அட்டைகளை யாரும் தூக்கிப் போடுவதில்லை. சுகாதார அலுவலகத்தின் அடித்தளத்தில் செருப்புப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தார்கள். நோய் கண்ட ஒவ்வொரு குழந்தைக்காகவும் அவள் அந்தப் படிகளில் இறங்கி, தூசியில் தும்மி, அட்டையைத் தேடி எடுத்து, காகிதத்தில் ஓட்டை போடும் கருவி மாதிரி ஒன்றால் ஒரு சொட்டை மட்டும் வெட்டிக்கொண்டு வருவாள். நாலு வயதில் வந்த நோயின் முதல் செல் அந்த மூன்றாம் நாள் கறைக்குள்ளேயே இருக்கும். தாயின் வயிற்றிலேயே இரண்டு மரபணுக்கள் இடம் மாறி ஒட்டிக்கொண்ட செல். ‘வந்துட்டியா, எவ்வளவு நேரமா உட்கார்ந்திருக்கேன்’ என்று கேட்கிற மாதிரி உட்கார்ந்திருக்கும்.

அறுபத்தோரு குழந்தைகளிடம் அதைப் பார்த்துவிட்டாள். பேர் கிடைத்தது. மனசுதான் ஆறவில்லை. ஏனென்றால் அந்தப் பழுதோடு பிறக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. அப்படியானால் அந்தச் செல் எங்கே போகிறது? எந்த வயதில் சாகிறது? நோய் வந்த பிள்ளை ஆஸ்பத்திரிக்கு வரும். வராத பிள்ளை எதற்கு வரும்? நன்றாக ஓடியாடுகிற குழந்தையைக் கொண்டுவந்து நிறுத்தி, வருடக்கணக்காகக் குத்திக்கொள்ளுங்கள் என்று சொல்ல எந்தத் தாய்க்குப் பைத்தியமா பிடித்திருக்கிறது?

பத்து வருடத்துக்கு முன்னால் அப்படி ஒரு தாய் வந்தாள். பைத்தியம் பிடித்து அல்ல. பயந்து.

ஆயத்த ஆடை ஆலையில் சட்டைக் காலர் வெட்டுகிறவள். மடியில் நாலு வயதுப் பெண் மஞ்சளாகச் சாய்ந்து கிடந்தது. அதே முகம், அதே மூக்கு, அதே சட்டையோடு இன்னொன்று மேசைக்கடியில் புகுந்து டாக்டரின் நாற்காலிச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது.

“இரட்டையா? வயித்துக்குள்ள ரெண்டு பேருக்கும் ஒரே நஞ்சுக்கொடியா?”

“ஒண்ணுதான்னு சொன்னாங்க. ஏன் டாக்டர்?”

அந்த நொடியில் காட்டேரியின் முகத்தில் மருத்துவருக்கு வரக் கூடாத ஒன்று வந்துவிட்டது. சந்தோஷம். பேனாவைக் கீழே தவறவிட்டு, அதை எடுக்கிற சாக்கில் குனிந்து, முகத்தைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தாள். மேசைக்கடியில் இருந்தவள் மட்டும் அதைப் பார்த்துவிட்டுப் பதிலுக்குச் சிரித்தாள்.

ஒரே நஞ்சுக்கொடி என்றால் பிறப்பதற்கு முன்பே இருவருடைய ரத்தமும் கலந்திருக்கும். ஒருத்தியிடம் பிறந்த கெட்ட செல் மற்றவளிடமும் குடியேறியிருக்கும். சோதித்துப் பார்த்தாள். இருந்தது. ஆடி ஓடிக்கொண்டிருந்தவளின் ரத்தத்தில் ஆயிரம் செல்லுக்கு மூன்று.

“அப்போ இவளுக்கும் வந்துடுச்சா?” என்றாள் அம்மா.

“வரல. விதை இருக்கு, அவ்வளவுதான். முளைக்கணும்னு கட்டாயமில்ல. பத்துல ஒம்பது பேருக்கு முளைக்காது.”

“அந்தப் பத்தாவது ஆளு?”

“அதுக்குத்தான் மூணு மாசத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கிட்டே இருப்போம்.”

“பார்த்துக்கிட்டே இருந்தா வராதா?”

“வந்தா சீக்கிரம் தெரிஞ்சுக்கலாம்.”

அவள் பொய் சொல்லவில்லை. அம்மா தனக்கு வேண்டியதை மட்டும் கேட்டுக்கொண்டாள். காட்டேரிக்கு அது தெரிந்தது. திருத்தவில்லை.

நோய்க்காரிக்கு ரெண்டரை வருடம் மருந்து போனது. முடி கொட்டியது, வாய் புண்ணானது, இரண்டு முறை சாவின் வாசல் வரை போய்த் திரும்பினாள். பிறகு தேறினாள். ‘மொட்டை’ என்று வீட்டில் வைத்த பெயர் மட்டும் இடுப்பு வரை பின்னல் தொங்கிய பிறகும் ஒட்டிக்கொண்டது. மற்றவளுக்குப் பெயர் வைத்தது வார்டு நர்சுகள். அக்கா உள்ளே மருந்து ஏறக் கிடக்கும்போது வெளியே நடைவழியில் மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருந்ததால், குதிரை.

ஒரே நாளில் பிறந்தாலும் பத்து நிமிடம் முந்தியவள் அக்காதான். அந்தப் பத்து நிமிட அதிகாரத்தை மொட்டை வீணாக்கவில்லை.

“எனக்கு வந்துச்சு, போயிடுச்சு. உனக்கு வரவும் மாட்டேங்குது, போகவும் மாட்டேங்குது. என்னடி ஜென்மம் நீ?”

“உன்கிட்டேருந்துதான்டி வந்துச்சு எனக்கு.”

“யார்கிட்டேருந்து யாருக்குன்னு காட்டேரிக்கே தெரியாதாம். போடி.”

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். ஆனால் வீட்டு நடப்பு அப்படித்தான் இருந்தது. தேறியவள் குளத்தில் குதித்தாள், சைக்கிளிலிருந்து விழுந்தாள், தெருவில் ஐஸ் வாங்கித் தின்றாள். ஒன்றுமே வராதவளைத்தான் அம்மா தினமும் வேலைவிட்டு வந்ததும் விளக்கடியில் நிறுத்தினாள். கையைத் தூக்கு, காலைக் காட்டு, வாயைத் திற, ஈறில் ரத்தமா. ஓடுகிற பிள்ளைக்கு முழங்காலில் காயம் இல்லாமல் இருக்குமா? ஒவ்வொரு நீலத்துக்கும் ஒருமுறை ஆஸ்பத்திரி. அப்பா தூரத்துத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். எல்லாரும் இங்கேயே வந்துவிடுங்கள், வீடு கிடைத்திருக்கிறது என்று கூப்பிட்டபோது, “மூணு மாசத்துக்கு ஒரு தடவை யாரு கூட்டிட்டு வர்றது?” என்று அம்மா மறுத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவர் கூப்பிடுவது குறைந்தது.

காட்டேரிக்குக் குதிரையைப் பிடிக்கும். அதையும் சொல்லிவிட வேண்டும். “இன்னைக்கு எந்தக் கை?” என்று கேட்டால் குதிரை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் மறைத்து ஒன்றை நீட்டுவாள். எடுத்து முடித்ததும் பஞ்சை மடித்த முழங்கைக்குள் இடுக்கிக்கொண்டே நடைவழிக்குப் போவார்கள். ரத்தம் சேமிக்கிற உறைபெட்டி அறைக் கதவிலிருந்து லிஃப்ட் வரை ஓட்டம். சோதனைக் குழாய்களுக்கு நேரம் பார்க்கிற கடிகாரத்தைக் காட்டேரி பிடிப்பாள். ஏழு வயதில் பதினொரு நொடி, எட்டு வயதில் பத்து, ஒன்பதில் ஒன்பதுக்கும் கீழே. இந்தப் பிள்ளையின் கால்கள் எப்படிப்பட்டவை என்று உலகத்தில் முதலில் அறிந்தவள் அவள்தான். பிறகு நடந்ததற்கு, தெரியாமல் செய்துவிட்டேன் என்று அவளால் சொல்லவே முடியாது.

அந்த ஒன்பதாவது வயதில்தான் அது நடந்தது.

ஆய்வகத்தில் பழைய ஆள் ஒருவர் இருந்தார். இயந்திரம் முடிவைத் துப்புவதற்கு முன்பே தான் சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாக இருக்கும். அதனால் ஜோசியர். அன்று ஜோசியர் முன்கூட்டி எதுவும் சொல்லவில்லை. தாளை நீட்டினார்.

“மேடம், ஒண்ணுமே இல்ல.”

“மறுபடி போடுங்க.”

மூன்று முறை போட்டார். லட்சத்தில் ஒரு செல் இருந்தாலும் காட்டிக்கொடுக்கிற சோதனை. பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.

“போயிடுச்சு மேடம். போன் போட்டுச் சொல்லிடறேனே? அந்த அம்மா இன்னைக்காவது நிம்மதியா படுக்கும்.”

“ஒரு தடவை காணோம்னா போயிடுச்சுன்னு ஆயிடுமா? எங்கயாவது பதுங்கியிருக்கும். நாலு தடவை பார்ப்போம்.”

அது நியாயம். ஒரு பூஜ்யத்தை நம்பி ஒரு தாயைத் தூங்கவைத்துவிட்டு, மறு வருடம் எழுப்பி மோசமான செய்தி சொல்கிறவள் மருத்துவரே அல்ல. நாலு தடவை பார்த்தார்கள். நாலும் பூஜ்யம். ஒரு வருடம் போனது. ஐந்தாவது தடவையில் சொல்லியிருக்க வேண்டும். ஐந்தாவது தடவையில்தான் அவளுக்குக் கணினித் திரையில் அந்தப் படம் தெரிந்தது. நாலு வயதில் ஆரம்பித்து மெல்ல மெல்ல இறங்கி ஒன்பதில் தரையைத் தொட்டு நிற்கிற கோடு. உலகத்தில் யாரிடமும் இல்லாத கோடு. ஆனால் தொட்டதோடு நின்றுவிட்டால் யார் நம்புவார்கள்? தவறு நேர்ந்திருக்கும், குழாய் மாறியிருக்கும் என்பார்கள். தரையோடு அது ஓட வேண்டும், இந்த நோய் இனி வர வாய்ப்பில்லாத வயது வரைக்கும். இன்று சொன்னால் நாளை அவர்கள் வரமாட்டார்கள். வராவிட்டால் கோடு அந்தரத்தில் அறுந்துபோகும்.

“மேடம், தரையில கோடு போட ஒரு பிள்ளையைக் குத்திக்கிட்டிருக்கோம்,” என்றார் ஜோசியர்.

“ஜோசியரே, உங்களுக்கு மெஷின் சொல்றதைச் சொல்றதுதான் வேலை.”

வேடிக்கையாகத்தான் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு குதிரையின் குழாய்களுக்கு மட்டும் அவர் ஜோசியம் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

குதிரைக்குப் பதினொன்று ஆனபோது அம்மா ஒரு படிவத்தோடு வந்தாள். ரயிலில் ஏழு மணி நேரத் தூரத்தில் ஒரு விளையாட்டு விடுதி. ஓடுகிற பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்துச் சோறு போட்டு, படிக்கவைத்து, ஓடவைக்கிற இடம். தேர்வுக்கு வந்த அறுநூறு பேரில் முப்பது பேரை எடுத்திருந்தார்கள். முப்பதில் இவள் இரண்டாவது. படிவத்தில் ஒரே ஒரு இடம்தான் காலி. ‘விடுதியில் தங்கிப் பயிற்சி பெற உடல்தகுதி உள்ளவர்’ என்று மருத்துவர் ஒப்பமிட வேண்டிய இடம். அம்மா அங்கே பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டிருந்தாள், துணியில் குறி போடுகிற மாதிரி.

“போடலாம்னா போடுங்க டாக்டர். வேண்டாம்னா இங்கயே கிழிச்சுடறேன். மனசுல எதுவும் வச்சுக்கமாட்டேன்.”

“அங்க சிவப்பா ஓடுதளம் இருக்கு,” என்றாள் குதிரை. “மழை பேஞ்சாலும் சேறே ஆகாதாம். விழுந்தாக்கூட அடிபடாதாம், அம்மா பயப்படவே வேண்டாம். ரத்தம் மட்டும்தானே உங்களுக்கு வேணும்? அங்க இருக்கிற நர்சு எடுத்து ஐஸ் பெட்டில போட்டு அனுப்புவாங்க. நான் கேட்டுட்டேன்.”

“நீயே கேட்டுட்டியா?”

“ஆமா. உங்களுக்கு ரத்தம், எனக்கு ஓட்டம்னு பேசிக்கலாம்.”

காட்டேரி சிரித்தாள். ஏழு மணி நேரம் ரயிலில் ஆடி வருகிற ரத்தத்தில் செல்கள் செத்துப்போகும், வரும் பூஜ்யத்தை யாரும் மதிக்க மாட்டார்கள். அதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. இரண்டாவதாகத் தோன்றியது, ‘அம்மா, இவ உடம்புல அது இல்ல, ரெண்டு வருஷமாவே இல்ல’ என்கிற வாக்கியம். அது நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது. பேனா கையிலேயே இருந்தது. படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் ‘பன்னிரண்டு வயது பூர்த்தியானவர்கள் சேர்க்கப்படமாட்டார்கள்’ என்று இருந்ததையும் அவள் படித்தாள்.

“இந்த வருஷம் வேண்டாமே,” என்றாள். “இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்.”

அம்மா கிழிக்கவில்லை. நாலாக மடித்தாள். காலர் வெட்டுகிற கை அல்லவா, ஓரங்கள் ஒன்றின் மேல் ஒன்று நூல் பிசகாமல் உட்கார்ந்தன.

“அடுத்த வருஷம் எடுக்க மாட்டாங்கம்மா.”

“டாக்டரே சொன்னப்புறம் என்னடி பேச்சு? உயிர் பெரிசா ஓட்டம் பெரிசா?”

குதிரை கையை நீட்டினாள். எந்தக் கை என்று அன்று யாரும் கேட்கவில்லை. எடுத்து முடிந்ததும் காட்டேரி வழக்கம்போலக் கடிகாரத்தோடு நடைவழிக்கு வந்து நின்றாள். பிள்ளை பஞ்சைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு லிஃப்ட் வரைக்கும் நடந்தே போனாள். நாற்பது நொடி ஆனது.

கட்டுரை மூன்று வருடம் கழித்து வந்தது. பெரிய கூட்டத்தில், பெரிய திரையில் அந்தப் படத்தைப் போட்டபோது இறங்குகிற கோட்டுக்கு யாரும் அசையவில்லை. ஒன்பதிலிருந்து பதினாலு வரை தரையோடு ஓடுகிற கோடு தெரிந்ததும்தான் அரங்கத்தில் சலசலப்பு எழுந்தது. பின்வரிசையில் ஒருவர் எழுந்து நின்று கைதட்டினார், பிறகு எல்லோரும். வாழ்நாளில் ஒரு தடவை கிடைக்கிற கைதட்டல். அவள் அதை வேண்டாமென்று சொல்லவில்லை. பிறகு தங்கியிருந்த ஓட்டல் அறைக்கு வந்து முகம் கழுவும்போது, அந்தத் தரைக்கோடு எவ்வளவு நீளம் என்று விரலால் கண்ணாடியில் அளந்து பார்த்தாள். ஒரு சாண் கூட வராது.

அடுத்த முறை அவர்கள் வந்தபோது ஒரு பெட்டி சாக்லேட் வாங்கி வைத்திருந்தாள். சொல்ல வேண்டியதை வீட்டிலேயே பழகிக்கொண்டு வந்திருந்தாள்.

“இனிமே நீங்க வரவேண்டியதில்ல. அந்தச் செல் இவ உடம்புல இல்ல. சுத்தமா இல்ல. இனி வரவும் வராது.”

அம்மா அழவில்லை, சிரிக்கவில்லை. உட்கார்ந்திருந்தபடியே உட்கார இடம் தேடுகிறவள் மாதிரிப் பின்னால் கையால் துழாவினாள்.

“எப்போலேருந்து டாக்டர்?”

“கொஞ்ச நாளாவே.”

“கொஞ்ச நாள்னா?” என்று கேட்டது குதிரை.

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் எண்ணை மாற்றிச் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. மிச்சமிருந்த ஒரே யோக்கியதை அதுதான். “ஒம்பது வயசுலேருந்து,” என்றாள்.

அம்மா எழுந்து மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்துக் காட்டேரி அசையாமல் இருந்தாள். ஒருவேளை அதற்காகக் காத்தும் இருந்தாள். அம்மா அவள் வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். கட்டைவிரலில் கத்தரிக்கோல் காய்ப்பு உறுத்தியது.

“அஞ்சு வருஷமா அது திரும்பி வராம காவல் காத்திருக்கீங்க. இதுக்கு நான் என்ன டாக்டர் பண்ணுவேன்?”

“இல்லம்மா. நான் ஒண்ணுமே பண்ணல. சும்மா பார்த்தேன், அவ்வளவுதான்.”

“பார்த்தீங்கல்ல? அதனாலதான் போயிடுச்சு.”

மொட்டைக்கும் அப்பாவுக்கும் போன் போட வேண்டும் என்று அம்மா வெளியே ஓடினாள். அறையில் இரண்டு பேர்தான். சாக்லேட் பெட்டி திறக்காமல் இருந்தது.

“அந்தக் கையெழுத்தை அன்னைக்கே போட்டிருக்கலாம்ல?” என்றாள் குதிரை.

“போட்டிருக்கலாம்.”

“தெரிஞ்சே போடல.”

“தெரியும். ஆனா உறுதியாத் தெரியல.”

“எவ்வளவு உறுதியாத் தெரியணும்?”

“மத்த டாக்டருங்க ஒத்துக்கிற அளவுக்கு.”

பிள்ளை தலையாட்டினாள். கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டுக்கொள்கிற மாதிரி. “படம் போட்டிருக்கீங்களாமே. ஜோசியர் மாமா சொன்னாரு. காட்டுங்க.”

காட்டேரி இழுப்பறையிலிருந்து எடுத்துக் காட்டினாள். “இது நீ.”

“மொட்டை எங்க?”

“அவ இதுல இல்ல.”

“வந்தது அவளுக்குத்தானே?” குதிரை படத்தைத் திருப்பி வைத்தாள். “அவ ரெண்டரை வருஷத்துல முடிச்சுட்டுப் போயிட்டா. எனக்கு ஒண்ணுமே வரல, பத்து வருஷம் ஆச்சு. எனக்கும் வந்தே இருந்திருக்கலாம் டாக்டர்.”

குரலில் கோபம் இல்லை. எந்தப் பேருந்து முன்னால் போய்ச் சேரும் என்று யோசித்துச் சொல்வது போலச் சொன்னாள்.

“அம்மாகிட்ட நான் விளக்கமாச் சொல்லிடறேன். என்னைத் திட்டட்டும்,” என்றாள் காட்டேரி. அது தனக்காகத்தான் என்று சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்தது.

“எதைச் சொல்வீங்க? அப்பாவை விட்டுட்டு இங்கயே கிடந்தது சும்மாதான்னா? தினம் என் ஈறைப் பார்த்தது சும்மாதான்னா? வேண்டாம். அவங்களாவது சந்தோஷமா இருக்கட்டும்.”

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். வந்த வேகத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, மகளின் சட்டைக் கையை மேலே சுருட்ட ஆரம்பித்தாள்.

“எடுத்துடுங்க டாக்டர், வேலைக்கு நேரமாச்சு.”

“இனிமே எடுக்க வேண்டாம்மா. அதைத்தானே இவ்வளவு நேரம் சொன்னேன்.”

“சொன்னீங்க. இன்னைக்கு இல்ல. நாளைக்கு?”

“நாளைக்கும் இருக்காது.”

“அதைப் பார்த்தாத்தானே தெரியும்?” அம்மா சிரித்தாள், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி. “நீங்க சும்மா இருங்க டாக்டர். நல்லா இருக்கும்போதுதான் ஜாக்கிரதையா இருக்கணும்.”

காட்டேரி ஆராய்ச்சி முடிந்துவிட்டது என்று சொல்லிப் பார்த்தாள், குழாய்கள் இல்லை என்று சொல்லிப் பார்த்தாள். அம்மாவின் முகத்தில் பழைய பயம் கால் கால் அங்குலமாக ஏறிக்கொண்டிருந்தது. ஏதோ இருக்கிறது, என்னிடம் மறைக்கிறார்கள் என்கிற பயம். அதற்கு அவளிடம் மருந்து கிடையாது. அதற்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவளே அவள்தான்.

“எடுங்க,” என்றாள் குதிரை, காட்டேரிக்கு மட்டும் கேட்கிற குரலில். “இல்லன்னா இவங்க தூங்க மாட்டாங்க. என்னையும் தூங்க விடமாட்டாங்க.”

எடுத்தாள். நல்ல ரத்தம். கருஞ்சிவப்பாக, சூடாகக் குழாயில் ஏறியது. கதவருகே நின்ற ஜோசியர் அதைக் கையில் வாங்கிக்கொண்டு, “இதுக்கு என்ன நம்பர் மேடம்?” என்றார். ஆராய்ச்சிக்கான எண் வரிசையைப் போன மாதத்தோடு மூடியாகிவிட்டது.

“நம்பர் இல்ல.”

அவர் குழாயோடு அங்கேயே நின்றார்.

“அடுத்தது எப்போன்னு எழுதிக் குடுங்க டாக்டர்,” என்று அம்மா பழைய சீட்டை நீட்டினாள். நாலு பக்கமும் தேதிகள் நிரம்பி, ஓரத்தில் ஒரு விரல் அகலம்தான் மிச்சம். காட்டேரி மூன்று மாதம் தள்ளி ஒரு தேதியை எழுதினாள். குதிரை எட்டிப் பார்த்தாள்.

“அன்னைக்கு எனக்குப் பரீட்சை.”

“அப்போ மறுநாள் வா,” என்றது காட்டேரியின் வாய்.